லாபம் இருக்கிறது, நெல் வாங்கக் காசு இல்லை: ஒரு ரைஸ் மில்லின் கணக்கு

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். ஆரணிப் பக்கம் அப்பா நடத்திய ரைஸ் மில்லை நீங்கள் எடுத்து நடத்துகிறீர்கள். இரண்டே வருடத்தில் விற்பனை 9 கோடியிலிருந்து 12 கோடியாகிவிட்டது. ஆடிட்டர் 30 லட்சம் லாபம் என்கிறார். வரியும் வீட்டுச் செலவும் போக வருடம் 18 லட்சம் தொழிலிலேயே நிற்கிறது. ஆனாலும் வங்கியில் சிசி (கேஷ் கிரெடிட், வேண்டும்போது எடுத்துக் கட்டும் கடன்) லிமிட் 1.4 கோடியிலிருந்து 2 கோடியாக உயர்ந்தும் கணக்கு எப்போதும் முழுக்க எடுத்தே கிடக்கிறது. போன வருடம் 40 லட்சத்துக்கு, நிறம் பார்த்து கெட்ட அரிசியைப் பிரிக்கும் சார்டெக்ஸ் மெஷின் போட்டீர்கள், அதுவும் சிசியிலிருந்தே. வெளியில் ரெண்டு வட்டிக்கு 35 லட்சம் வாங்கியிருக்கிறீர்கள். தை பிறந்தால் சம்பா நெல் இறங்கும், வாங்கக் காசு இல்லை. வங்கியில் 3.5 கோடி கேட்பதா, வியாபாரத்தைக் குறைத்துக்கொள்வதா என்பது உங்கள் கேள்வி.

உண்மையில் நீங்கள் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். லாபம் வந்த பணம் எங்கே போனது என்று தெரியாமல்தான் இந்த இரண்டு வழிக்கும் நடுவில் நிற்கிறீர்கள். அது தெரிந்துவிட்டால் லிமிட் எவ்வளவு கேட்பது என்பது கடைசியில் தானாக வந்துவிடும். நான் வங்கிக் கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன். மில், நூற்பாலை, மண்டி என்று பார்த்த கணக்குகளில் பெரும்பாலானவை நஷ்டத்தால் சிக்கவில்லை. வளர்ச்சியால் சிக்கியவைதான் அதிகம்.

முதலில் உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். கையில் இருக்கும் நெல்லும் அரிசியும் 2.4 கோடி, கடைக்காரர்களிடமிருந்து வர வேண்டியது 1.5 கோடி, புரோக்கர்களுக்கும் மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டியது 30 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். 12 கோடி விற்பனை என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 3.3 லட்சம். அதற்கான அடக்கச் செலவு நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம். அப்படியானால் சரக்கு 80 நாளைக்கானது, பாக்கி 45 நாளைக்கானது, நீங்கள் கடனாக வாங்கியிருப்பது வெறும் 10 நாளைக்கானது. அதாவது விவசாயிக்கு இன்று கொடுத்த ஒரு ரூபாய், நெல்லாகக் கிடந்து, அவிந்து, காய்ந்து, அரைபட்டு, லோடு ஏறி, கடைக்காரர் கொடுத்து உங்கள் கைக்குத் திரும்ப 125 நாள் ஆகிறது. அதில் 10 நாளை மட்டும் அடுத்தவர் சுமக்கிறார். மீதி 115 நாளும் உங்கள் பணமோ வங்கிப் பணமோதான் மாட்டிக் கிடக்கிறது.

தொகையாகப் பார்த்தால் 3.6 கோடி. விற்பனையில் 30 சதவீதம். இந்த 30 சதவீதத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதியெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. விற்பனை 3 கோடி கூடினால், அந்தக் கூடுதல் வியாபாரத்துக்கு 90 லட்சம் முன்கூட்டியே உள்ளே போய் உட்கார வேண்டும். இரண்டு வருடத்தில் நீங்கள் தொழிலில் விட்டது 36 லட்சம். ஆக 54 லட்சம் பற்றாக்குறை. அதன் மேல் சார்டெக்ஸுக்கு 40 லட்சம். மொத்தம் 94 லட்சம். சிசி எவ்வளவு கூடியது? 60 லட்சம். வெளிக்கடன் 35 லட்சம். கிட்டத்தட்ட ரூபாய்க்கு ரூபாய் சரியாக வருகிறது, பாருங்கள். பணம் எங்கும் தொலையவில்லை, யாரும் திருடவுமில்லை. லாபம் முழுவதும் குடோனிலும் கடைக்காரர்களின் பாக்கி நோட்டிலும் இருக்கிறது. உங்கள் கேள்வியில் கணக்குப்பிள்ளையைச் சந்தேகப்படும் தொனியில் ஒரு வரி இருந்தது. இந்த எண்களை வைத்துப் பார்த்தால் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இதுவரை சொன்னதில் சந்தேகம் எதுவும் இல்லை, வெறும் கூட்டல் கழித்தல். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: அந்த 30 லட்சம் லாபத்தில் வெளிக்கடன் வட்டி கழிக்கப்பட்டிருக்கிறதா? 35 லட்சத்துக்கு ரெண்டு வட்டி என்றால் வருடம் 8.4 லட்சம். பல மில்களில் கைமாற்று வட்டி கணக்கில் ஏறுவதே இல்லை, வீட்டுப் பணத்திலிருந்து போய்விடும். அப்படியிருந்தால் உண்மையான லாபம் 22 லட்சத்துக்கும் கீழே. இன்னொன்று, 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். உங்கள் 35 லட்சம் எந்த வழியில் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ரொக்கமாக வந்திருந்தால் ஆடிட்டரிடம் மறைக்காமல் பேசிவிடுங்கள்.

இப்போது ஒரு மூட்டையை எடுத்துப் பார்ப்போம், வட்டி எங்கே கடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். 26 கிலோ மூட்டை 1,400 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். (25 கிலோ வரை லேபிள் போட்டுக் கட்டிய அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி வந்தபிறகு இந்த 26 கிலோ மூட்டைதான் பல மில்களில்.) அடக்கம் 1,300 ரூபாய் இருக்கும். அரைவை, கரண்ட், கூலி, வண்டி வாடகை எல்லாம் போய், வட்டி கழிப்பதற்கு முன்னால் மூட்டைக்கு 60 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லாபத்தை வைத்துப் பார்த்தால் அதுதான் வருகிறது. சிசி வட்டி 10.5 சதவீதம் என்றால், 80 நாள் சரக்காகக் கிடந்ததற்கு 30 ரூபாய், 45 நாள் பாக்கிக்கு 18 ரூபாய். 12 ரூபாய் மிச்சம். இதே மூட்டையை ரெண்டு வட்டிப் பணத்தில் ஓட்டினால்? சரக்குக்கு 68, பாக்கிக்கு 41, ஆக 109 ரூபாய் வட்டி. மூட்டைக்கு 49 ரூபாய் நஷ்டம். வெளிக்கடனில் நெல் வாங்கி 45 நாள் கடனுக்கு அரிசி விற்பதற்குப் பதில் அந்த மூட்டையை விற்காமலே இருக்கலாம். கடினமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். தைக்கு இன்னும் 50 லட்சம் வெளியில் புரட்டலாமா என்று நீங்கள் யோசிப்பது தெரிந்ததால்தான் இவ்வளவு விரிவாகப் போடுகிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சரி, வங்கி எவ்வளவு கொடுக்கும்? சிறு, குறு தொழில்களுக்கு 5 கோடி வரையிலான நடைமுறை மூலதன (அன்றாடம் சரக்கிலும் பாக்கியிலும் சுற்றும் பணம்) லிமிட்டை வங்கிகள் விற்பனையை வைத்தே கணக்கிடுகின்றன. நாயக் கமிட்டி சொல்லி, ரிசர்வ் வங்கி ஏற்றுக்கொண்ட முறை அது. அடுத்த வருடம் எதிர்பார்க்கும் விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை, அந்த 25இல் 20ஐ வங்கி கொடுக்கும், 5ஐ நீங்கள் போட வேண்டும். 12 கோடிக்கு 2.4 கோடி. உங்கள் தேவை 25 அல்ல, 30 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். அந்த 5 சதவீத வித்தியாசம்தான் உங்கள் கழுத்தை நெரிக்கிறது.

லிமிட் ஒன்று, அதில் எவ்வளவு எடுக்கலாம் என்ற டிராயிங் பவர் வேறொன்று. மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டிலிருந்து அதைப் போடுவார்கள். சரக்கு 2.4 கோடியில் கொடுக்க வேண்டிய 30 லட்சத்தைக் கழித்து 2.1 கோடி, அதில் 25 சதவீத மார்ஜின் (உங்கள் பங்கு என்று வங்கி கழிப்பது) போக 1.57 கோடி. பாக்கியில் 90 நாளைத் தாண்டியதைப் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்களுக்கு அப்படி 30 லட்சம் இருக்கிறது. மீதி 1.2 கோடிக்கு 25 சதவீத மார்ஜின் என்றால் 90 லட்சம், 40 சதவீதம் பிடிக்கும் வங்கியில் 72 லட்சம். ஆக மொத்தம் 2.3 முதல் 2.47 கோடிக்குள். எந்தப் பக்கம் சுற்றினாலும் 2.4 கோடியை ஒட்டித்தான் நிற்கிறது. 3.5 கோடி என்று எழுதிக் கொடுத்தால் மேனேஜருக்கு உங்கள் கணக்கே உங்களுக்குத் தெரியவில்லை என்று தோன்றும். அதற்காக ஸ்டாக்கை ஊதிக் காட்டச் சொல்லிச் சிலர் யோசனை சொல்வார்கள். விற்ற நெல்லை இருப்பில் காட்டுவது வங்கியை ஏமாற்றுவதுதான். ஸ்டாக் ஆடிட்டுக்கு வருபவர் குடோனில் அட்டி (மூட்டை அடுக்கு) எண்ணினால் அரை நாளில் வெளிவந்துவிடும். அப்படி ஒருமுறை பெயர் கெட்ட மில்லுக்கு வேறு வங்கியிலும் கதவு திறக்காது.

அதனால் லிமிட்டைக் கேட்கும் முன்பு நாளைக் குறைக்க வேண்டும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. எங்கே குறைப்பது என்பதில்தான் யோசனை தேவை.

பாக்கியிலிருந்து தொடங்குங்கள். 45 நாளை 32 நாளாக்கினால் 43 லட்சம் கைக்கு வரும். அதை வைத்து வெளிக்கடன் முழுவதையும் அடைத்துவிடலாம். இந்த 13 நாளில் 9 நாள், 90 நாளைத் தாண்டிய அந்த 30 லட்சத்திலேயே இருக்கிறது. ஆகவே எல்லாக் கடைக்காரரையும் ஒரேயடியாக நெருக்க வேண்டியதில்லை. பெயர் வாரியாக எத்தனை நாள் பாக்கி என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதில் பத்துப் பதினைந்து பேர்தான் மேலே நிற்பார்கள். அவர்களிடம் சேல்ஸ்மேன் போய்ப் பயனில்லை, நீங்களே போங்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அன்று கல்லாவிலிருந்து காசு எடுக்க மாட்டார்கள். வியாழக்கிழமை போன் செய்து திங்கள் காலை நேரில் நில்லுங்கள். மொத்தமாகக் கேட்டால் கிடைக்காது, பழைய பாக்கியில் வாரம் இவ்வளவு என்று பேசி, புது லோடை பில்லுக்கு பில் என்று மாற்றுங்கள். முந்தைய பில்லுக்குப் பணம் வந்தபிறகுதான் அடுத்த லோடு. அதற்கும் ஒத்துவராத கடையை விட்டுவிடலாம். 1,400 ரூபாய் மூட்டையில் 60 ரூபாய்க்காக நிற்கும் தொழிலில், வராத ஒரு லோடின் பணத்தை ஈடுகட்ட இருபதுக்கு மேல் லோடு ஓட்ட வேண்டும்.

நல்ல கடைகளுக்கு ஒரு சலுகை கொடுத்துப் பாருங்கள்: 7 நாளில் பணம் வந்தால் மூட்டைக்கு 10 ரூபாய் தள்ளுபடி. 38 நாள் முன்னதாக வரும் 1,400 ரூபாய்க்கு சிசி வட்டியே 15 ரூபாய் மிச்சம், வெளி வட்டியென்றால் 35 ரூபாய். ஆனால் தள்ளுபடியை பில்லில் போடாதீர்கள். பணம் வந்தபிறகு கிரெடிட் நோட்டாக, அதாவது கணக்கில் வரவு வைக்கும் சீட்டாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் தள்ளுபடியையும் பிடித்துக்கொண்டு 45 நாளும் எடுத்துக்கொள்வார்கள். புரோக்கருக்கும் தரகை லோடு இறங்கியதும் கொடுக்காமல், பணம் வசூலானதும் கொடுங்கள். அப்புறம் வசூலில் அவருக்கும் அக்கறை வந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் மில்லுக்கு உத்யம் பதிவு (சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால், 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் வாங்கியவர் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் 1 முதல் வருமான வரியிலும் 43பி(எச்) பிரிவு வந்தது: குறு, சிறு உற்பத்தியாளருக்குக் காலக்கெடுவில் தராத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். முறையாகக் கணக்கு வைத்திருக்கும் பெரிய மொத்த வியாபாரிகளுக்கு இது உறைக்கும். பில்லிலும் லெட்டர்ஹெட்டிலும் உத்யம் எண்ணை அச்சிடுங்கள், மார்ச் மாதம் இதைச் சொல்லி நினைவூட்டுங்கள். தெருமுனை மளிகைக் கடைக்கு இது பெரிதாகப் பொருந்தாது. வட்டி கேட்டு, அந்தச் சட்டப்படி பாக்கி வழக்குகளைத் தீர்க்கும் கவுன்சிலுக்குப் போகும் வழி இருக்கிறது, ஆனால் தினமும் முகம் பார்த்து வியாபாரம் செய்யும் வாடிக்கையாளர் மேல் அதை யாரும் எளிதில் போடுவதில்லை. உறவு முறிந்துபோன பாக்கிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரக்குக்கு வருகிறேன், உங்கள் தொழிலில் கஷ்டமான இடம் இதுதான். புது அரிசி குழையும், கடைக்காரர் பழைய அரிசிதான் கேட்பார் என்பது எனக்கும் தெரியும். அதனால் ஜவுளிக்கடைக்காரருக்குச் சொல்வதுபோல ஸ்டாக்கைப் பாதியாக்கு என்று உங்களிடம் சொல்ல முடியாது. ஆனால் அந்த 2.4 கோடியில் இரண்டு வகை கலந்திருக்கும். பழசாக வேண்டும் என்பதற்காக வைத்தது ஒன்று, விலை ஏறும் என்று வைத்தது இன்னொன்று. முதலாவது தொழில். இரண்டாவது யூக வியாபாரம், அதற்கு வங்கிப் பணம் ஆகாது. 75 கிலோ நெல் மூட்டை 1,800 ரூபாய் என்றால் ஆறு மாதம் வைக்க சிசி வட்டி மட்டும் 95 ரூபாய், வெளி வட்டி 216 ரூபாய். காய்ச்சலில் எடை குறைவது, எலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் இதற்கு மேல். விலை அவ்வளவு ஏறுமா என்று நான் சொல்ல மாட்டேன், சொல்பவரையும் நம்ப வேண்டாம். ரகம் வாரியாக, எந்தத் தேதியில் வாங்கிய நெல் எத்தனை மூட்டை என்று அட்டியில் அட்டை குத்திப் பாருங்கள். எந்தக் கடைக்காரரும் கேட்காத ரகம் மூலையில் ஒரு வருடமாகக் கிடப்பது தெரியவரும். அதை விற்றுவிடுங்கள், கொஞ்சம் விலை குறைந்தாலும் பரவாயில்லை. 80 நாளை 70 ஆக்கினால் 30 லட்சம். இது முடியும் என்று நினைக்கிறேன். 60 ஆக்க முடியுமா என்பதை உங்கள் குடோனைப் பார்க்காமல் சொல்ல முடியாது. தவிட்டை எப்படியும் தேக்க மாட்டீர்கள், தேக்கினால் எண்ணெய் ஆலைக்காரர் விலையைக் குறைப்பார். அந்தப் பணத்தைக் கரண்ட் பில்லுக்கும் கூலிக்கும் ஒதுக்கிவிடுங்கள்.

மூன்றாவதாக, கொடுக்க வேண்டியதை இழுப்பது. எல்லாப் பாடப்புத்தகமும் இதைச் சொல்லும். நெல் போட்ட விவசாயியிடம் இதைச் செய்யாதீர்கள். அவர் அடுத்த போகத்துக்கு உரம் வாங்கவும் நகையைத் திருப்பவும் அந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறார். உங்கள் நடைமுறை மூலதனத்தை அவர் தலையில் ஏற்றுவது நியாயமல்ல. வியாபாரமாகப் பார்த்தாலும் அது ஓடாது: ஒருமுறை இழுத்தடித்தால் அடுத்த போகம் நெல் கமிட்டிக்கு (ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்) போய்விடும், அல்லது பக்கத்து மில்லுக்கு. சாக்கு, உதிரி பாகம், வண்டி வாடகை ஆகியவற்றில் வேண்டுமானால் 30 நாள் தவணை பேசிப் பாருங்கள். பெரிய தொகை வராது.

சார்டெக்ஸ் 40 லட்சத்தை உடனே கவனியுங்கள். பத்து வருடம் உழைக்கும் மெஷினை நாலு மாதத்தில் சுற்ற வேண்டிய பணத்தில் வாங்கிவிட்டீர்கள். வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது, பில் கையில் இருக்கிறது. அதைக் காட்டி டேர்ம் லோன் (மாதத் தவணையில் அடைக்கும் நீண்டகாலக் கடன்) கேளுங்கள். உங்கள் பங்கு கால்வாசி போக 30 லட்சம் கிடைத்தால், அது சிசியில் வரவாகும். ஐந்து வருடத் தவணை மாதம் 65 ஆயிரம் ரூபாய் போல வரும். 18 லட்சம் மிச்சமாகும் மில்லுக்கு அது தாங்கும். பழைய மெஷினுக்கு வங்கி இப்படிக் கொடுக்குமா என்பது வங்கிக்கு வங்கி மாறும், கட்டாயம் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் கணக்கு ஒழுங்காக இருக்கும்போதே கேளுங்கள். லிமிட்டுக்கோ டிராயிங் பவருக்கோ மேலே தொடர்ந்து 90 நாள் நின்றாலோ, அந்த 90 நாளில் வந்த வரவு வட்டிக்கே போதாமல் போனாலோ கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். சிக்கலில் இருக்கும் கணக்கில் இதே கோரிக்கையைக் கடன் சீரமைப்பாக எடுத்துக்கொள்வார்கள், அப்போது கதையே வேறு.

இந்த மூன்றையும் கூட்டுங்கள்: பாக்கியில் 43 லட்சம், சரக்கில் 30 லட்சம், டேர்ம் லோனில் 30 லட்சம். லிமிட்டில் ஒரு ரூபாய் ஏறாமலே ஒரு கோடிக்கு மேல். அதற்குப் பிறகு 2.4 கோடி கேட்டால் வங்கியும் சந்தோஷமாகக் கொடுக்கும். கேட்கும்போதே, அறுவடை மாதங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பீக் லிமிட் வேண்டும் என்று மாதவாரி நெல் கொள்முதல் அட்டவணையோடு எழுதிக் கொடுங்கள். உங்களைப் போன்ற பருவத் தொழிலுக்கு அந்த ஏற்பாடு உண்டு, கேட்காதவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பதிவுபெற்ற கிடங்கில் நெல்லை வைத்து மின்னணு ரசீதின் பேரில் கடன் வாங்கும் வழியும் இருக்கிறது. பக்கத்தில் அப்படிக் கிடங்கு இல்லையென்றால் வண்டி வாடகையே தின்றுவிடும்.

பாக்கி குறைய மூன்று மாதமாவது ஆகும், தைக்குள் எல்லாம் நடக்காது. ஆகவே இந்த சம்பாவுக்கு, வங்கிப் பணத்திலும் வசூலிலும் வாங்க முடிந்த அளவு நெல்லை மட்டும் வாங்குங்கள். விற்பனை 12 கோடியிலிருந்து 11 கோடிக்கு வந்தால் வரட்டும், 30 லட்சம் தானாக விடுபடும். முதலில் விட வேண்டியது அந்தப் பத்துப் பதினைந்து கடைகளில் பேச்சுக்கு வராதவர்களை. அடுத்த ஆடிக்குள் 115 நாள் 95க்குப் பக்கத்தில் வந்திருந்தால், 13 கோடியைப் பற்றி அப்போது பேசலாம். பட்டியல் போட்டபிறகு பெயர்களை எடுத்துவிட்டு நாள், தொகை மட்டும் இங்கே எழுதுங்கள், எந்தக் கடையில் முதலில் உட்கார வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம்.